பத்து நிமிஷம்தானே!

காலை ஏழேகால் மணிக்கு எங்கள் லப்பைக்குடிக்காட்டில் ஏதாவது ஒரு தெருவில் வந்து நின்று பாருங்கள். மதரஸாவில் ஓதிவிட்டு ஓடி வரும் பிள்ளைகள் ஒரு பக்கம், "சாக்ஸ் எங்கேம்மா?", "ஜாமெட்ரி பாக்ஸ் எங்கேம்மா?" என்ற கூப்பாடு இன்னொரு பக்கம். அடுப்பில் தோசை, கையில் சீப்பு, வாயில் திட்டு! பாதி வீடுகளில் அத்தாமார் அரபு நாட்டில் இருப்பதால், பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பும் பொறுப்பு முழுக்க நம் தலையில்தான் விடிகிறது. உங்கள் ஊரிலும் இந்தக் கதைதானே சகோதரிகளே?

போன வருஷம் என் கடைக்குட்டி எட்டாம் வகுப்பு. ஆடியும் பாடியும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவள், திடீரென்று, "வயிறு வலிக்குதும்மா, இன்னிக்கு லீவு போட்டுக்கறேனே" என்று ஆரம்பித்தாள். வாரத்தில் இரண்டு நாள் வலி. ஓமத் தண்ணீர் கொடுத்தேன், கேட்கவில்லை. டாக்டரிடம் காட்டினேன். "வயித்துல ஒண்ணுமில்லேம்மா. புள்ள சரியாத் தூங்குதா?" என்று அவர் கேட்டார். நான் விழித்தேன்.

ஒரு நாள் ராத்திரி தலைவாரிவிடும்போது மெதுவாகக் கேட்டேன். பொலபொலவென்று அழுதுவிட்டாள். தினமும் பத்து நிமிஷம் தாமதமாகப் போகிறாளாம். முதல் பாடம் முடியும்வரை வெளியே நிற்க வைத்து, உள்ளே விடும்போது, "வந்துட்டாங்கப்பா மகாராணி!" என்று எல்லோர் முன்னாலும் சொல்கிறார்களாம். "எனக்குப் பள்ளிக்கூடமே வேணாம்மா" என்றாள்.

என் நெஞ்சில் சுருக்கென்றது. 1993-இல் நானும் எட்டாம் வகுப்புதான். வயசுக்கு வந்தேன், பள்ளிக்கூடம் நின்றது. அப்புறம் எத்தனையோ நாள், பள்ளிக்கூட மணி கேட்கும்போதெல்லாம் சமையற்கட்டில் நின்று அழுதிருக்கிறேன். என்னை மற்றவர்கள் நிறுத்தினார்கள். இவளோ தானாகவே நின்றுவிடப் பார்க்கிறாள். விடுவேனா?

மறுநாளே ஆசிரியையைப் பார்க்கக் கிளம்பினேன். (எந்தப் பள்ளி என்பது வேண்டாம், விடுங்கள்.) போவதற்கு முன்னால் படித்த மருமகளிடம் விவரம் கேட்டுக்கொண்டேன். 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பிள்ளைகளை அடிப்பதை மட்டுமல்ல, மனசு நோகச் செய்வதையும் தடை செய்கிறது. அதே சட்டம் ஆறு முதல் எட்டாம் வகுப்புக்கு வருஷத்தில் 220 நாள், 1,000 மணி நேரம் பாடம் நடக்க வேண்டும் என்கிறது.

ஆசிரியை நல்லவர். நான் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டார். "வெளியே நிறுத்தினது தப்புதாம்மா, இனிமே நடக்காது. ஆனா நீங்களும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க" என்று ஒரு தாளை நீட்டினார். தினம் பத்து நிமிஷம், 220 நாள். 2,200 நிமிஷம். கிட்டத்தட்ட 37 மணி நேரம்! பள்ளிக்கூடக் கணக்கில் முழுசாக எட்டு நாள் பாடம். "பத்து நிமிஷம்தானே" என்று நான் தள்ளிவிட்டது எட்டு நாளாக வளர்ந்து நிற்கிறது!

"அடுத்தடுத்த வகுப்புல இந்த லீவுப் பழக்கம் வந்தா இன்னும் கஷ்டம்மா. பொதுத்தேர்வு எழுத வருகை 75 சதவீதம் வேணும்" என்றார். 220 நாளில் 55 நாள் போனால் எல்லைக்கோடு. பெரியம்மா மகள் கல்யாணத்துக்கு நாலு நாள், விருந்தாளி வந்தால் ஒரு நாள், மாதாமாதம் 'அந்த' மூன்று நாள்... கூட்டிப் பாருங்கள், பயமாக இருக்கும். பெண் பிள்ளைக்குத்தான் இந்த லீவெல்லாம், பையனுக்கு உண்டா?

வீட்டுக்கு வந்து யோசித்தேன். குற்றவாளி வெளியில் இல்லை, எங்கள் வீட்டுக் கூடத்தில் சுவரில் மாட்டியிருந்தது. கடிகாரம்தான்!

என் வீட்டுக்காரர் சவூதியில் இருக்கிறார். அங்கே நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். வேலை முடிந்து, சமைத்துச் சாப்பிட்டு, அவர் ஒன்பது மணிக்குப் போன் போட்டால் இங்கே பதினொன்றரை. அத்தா முகத்தைப் பார்க்காமல் இவள் படுக்க மாட்டாள். பேசி முடித்துத் தூங்கப் பன்னிரண்டு. ஓதப் போவதற்கு ஐந்தரைக்கு எழுப்புவேன். அந்த வயசுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் டாக்டர்கள். இவளுக்குக் கிடைத்தது ஐந்தரை! எப்படி நேரத்துக்குக் கிளம்புவாள்? வயிறு வலிக்காமல் என்ன செய்யும்?

அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "நான் புள்ளைக்காகத்தானே இங்க கெடக்குறேன். என்னாலேயே புள்ள படிப்பு கெடுதா?" என்றார். பிறகு அவரே வழி சொன்னார். அவர் சுபுஹு தொழுது முடிக்கும் நேரம் அங்கே சுமார் ஐந்து மணி. இங்கே ஏழரை. இவள் ஓதிவிட்டு வந்து சாப்பிட உட்காரும் நேரம்! இப்போது தினமும் அத்தா பேசப் பேச இவள் இட்லி சாப்பிடுகிறாள். ராத்திரி ஒன்பதரைக்குப் படுக்கை. வயிற்று வலி போன இடம் தெரியவில்லை.

இன்னும் சில சின்னச் சின்ன ஏற்பாடுகளும் செய்தேன். புத்தகப்பை, சீருடை, செருப்பு எல்லாம் ராத்திரியே ஒரே இடத்தில். மாத விலக்குக்கு வேண்டியது பையின் உள்ளறையில் எப்போதும் தயார், அதற்காக லீவு கிடையாது. நிஜமாகவே தாங்க முடியாத வலி என்றால் டாக்டரிடம்தான், வீட்டு மூலையில் அல்ல. விருந்தாளி வந்தால் உதவிக்கு நானும் மாமியும் போதும். காய்ச்சல் என்றால் மட்டும் லீவு, அதற்கும் அன்றைக்கே கடிதம்.

1956-இல் காமராஜர் மதிய உணவு போட்டு வரவழைத்தார். 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022 முதல் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குக் காலை உணவும் வந்திருக்கிறது. பள்ளிக்கூட வாசல்வரை கூப்பிட அரசாங்கம் இருக்கிறது. வீட்டு வாசலைத் தாண்டி நேரத்துக்கு அனுப்ப நாம்தானே இருக்கிறோம்?

இப்போதும் பள்ளிக்கூட மணி கேட்கும்போது சமையற்கட்டில்தான் நிற்கிறேன். ஆனால் அழுவதில்லை. மணி அடிக்கும்போது என் மகள் உள்ளே இருக்கிறாள்!