ஒரு வருஷத்தில் நர்ஸா?

அக்கா மகள் விழுப்புரத்தில் பி.எஸ்சி. விலங்கியல் முடித்திருக்கிறாள். "சித்தி, ஒரு வருஷத்துல நர்சிங் முடிச்சிடலாம்னு நோட்டீஸ் பார்த்தேன், சேரட்டுமா?" என்கிறாள். வேண்டாம் என்றேன்.

அமெரிக்காவில் வேறு பட்டம் பெற்றவர்கள் பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதத்தில் நர்சிங் பட்டம் வாங்க வழியுண்டு. இங்கே அது கிடையாது. டிப்ளமோ 3 ஆண்டு, பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டு. டிப்ளமோ நர்ஸுக்குத்தான் 2 ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங். நர்சிங் கவுன்சிலில் பதியாதவள் ஸ்டாஃப் நர்ஸ் ஆகவே முடியாது. ஒரு வருஷச் சான்றிதழ் அந்தப் பதிவைத் தராது.

விலங்கியல் படித்தவளை மறுபடி உடலியங்கியல் வகுப்பில் முதலிலிருந்து உட்கார வைப்பது வீண்தான். இங்கேயும் அப்படியொரு வழி வந்தால் அந்தத் தாள்களைக் கழிக்கலாம். வார்டு நேரத்தை மட்டும் கழிக்கவே கூடாது. 500 மில்லி சலைன் எட்டு மணி நேரத்தில் இறங்க, மில்லிக்கு இருபது சொட்டு விழும் செட்டில் நிமிடத்துக்குச் சுமார் 21 சொட்டு. கணக்கு ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். நடு ராத்திரியில், நாலு படுக்கையிலிருந்து ஒரே நேரத்தில் கூப்பிடும்போது கடிகாரத்தைப் பார்த்து அதை எண்ணுகிற நிதானம் அத்தனை சுலபத்தில் வராது. (நைட் டியூட்டி முடிந்து பகலில் தூங்கவிடுகிற வீடும் வேண்டும், அதை யாரும் சொல்லித் தருவதில்லை.)

பணம் கட்டுமுன் கேட்க வேண்டியது: கவுன்சில் அங்கீகாரம் இந்த ஆண்டுக்கு உண்டா? பயிற்சி எங்கே, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியிலா, திண்டிவனம் அரசு மருத்துவமனையிலா, பேருக்கு ஒரு கிளினிக்கிலா? மார்க் ஷீட் ஒரிஜினலைப் பிடித்து வைப்போம் என்றால் எழுந்து வந்துவிடு என்றேன்.