800×600: இது லினக்ஸோட குத்தம் இல்லீங்க

"லினக்ஸ் போட்டுப் பாத்தேன் பாஸ். ஸ்க்ரீன் தம்மாத்தூண்டு இருக்கு, எழுத்தெல்லாம் கலங்கலா தெரியுது. நமக்கு விண்டோஸே போதும்." இந்த டயலாக்கை நீங்களும் நாலு பேர்கிட்ட கேட்டிருப்பீங்க. எதுல போட்டுப் பாத்தீங்கன்னு கேட்டா விர்ச்சுவல்பாக்ஸ்லன்னு பதில் வரும். அவர் பாத்தது லினக்ஸை இல்லை மக்களே, 800×600-ல மாட்டிக்கிட்டு முழிக்கிற ஒரு ஜன்னலை. அந்த ஜன்னலுக்குத் தீர்ப்பு சொல்லாம ஊரான் வீட்டுக்குத் தீர்ப்பு சொல்லிட்டுப் போயிடறாங்க.

இதுல பாதிக் குழப்பம் ரெசல்யூஷனையும் ஸ்கேலிங்கையும் ஒண்ணுன்னு நினைக்கிறதால வருது. ரெசல்யூஷன்னா எத்தனை புள்ளி இருக்குங்கிற கணக்கு. ஸ்கேலிங்னா இருக்கிற புள்ளியில எழுத்தை எவ்வளவு பெருசா வரையிறோங்கிறது. வி.எம்.-ல இந்தக் கூத்து மூணு மாடியில நடக்குது. கீழே ஹோஸ்ட், அதுல விண்டோஸ் ஏற்கெனவே 125% இல்ல 150% வச்சிருக்கும். நடுவுல வி.எம். ஜன்னல், அது தன் பங்குக்கு இழுக்கும், சுருக்கும். மேல கெஸ்ட், அதுக்குள்ள அதோட சொந்த ரெசல்யூஷன், சொந்த ஸ்கேலிங். மூணு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தா எழுத்து கலங்காம என்ன செய்யும்?

சரி, அது ஏன் 800×600-லயே நிக்குது? நிஜ மானிட்டர்னா கேபிள் வழியா "நான் இன்ன ஆளு, எனக்கு இன்னின்ன அளவு ஒத்துவரும்"னு ஈடிஐடின்னு ஒரு சின்னத் தகவலை அனுப்பிடும். வி.எம்.-க்கு மானிட்டர் கிடையாது, ஜன்னல்தான். நீங்க மௌஸால ஓரத்தைப் பிடிச்சு இழுக்கிற ஒவ்வொரு தடவையும் அதோட அளவு மாறும். இந்தச் சேதியை வெளியில இருந்து உள்ளே கொண்டுபோக ஒரு ஆள் வேணும். விர்ச்சுவல்பாக்ஸ்ல அந்த ஆள் பேரு கெஸ்ட் அடிஷன்ஸ். விஎம்வேர்ல ஓப்பன்-விஎம்-டூல்ஸ் (டெஸ்க்டாப்னு முடியிற பேக்கேஜையும் சேர்த்துப் போடணும், அதை விட்டுட்டுத்தான் நிறைய பேர் புலம்பறது). கேவிஎம்-ல ஸ்பைஸ் விடிஏஜென்ட். ஆள் இல்லைன்னா சேதி போகாது, அவ்வளவுதான் சமாச்சாரம். இதை அந்த ஜன்னல்லயே கொட்டை எழுத்துல "கெஸ்ட் அடிஷன்ஸ் இல்லை, அதான் இப்படி"ன்னு சொல்லித் தொலைச்சா என்னவாம்?

இன்னொரு கடுப்பு, வீடியோ மெமரி. விர்ச்சுவல்பாக்ஸ்ல லினக்ஸ் வி.எம். உருவாக்கினா பெரும்பாலும் 16 எம்.பி. தான் ஒதுக்கும். கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு புள்ளிக்கு 4 பைட். 1920×1080-க்கு ஒரு ஃப்ரேம் கிட்டத்தட்ட 8 எம்.பி., பொழைச்சுக்கலாம். 3840×2160-க்கு 33 எம்.பி. ஒரே ஒரு ஃப்ரேமுக்கே இடம் பத்தாது! 4கே மானிட்டர் வாங்கிட்டு ஏன் முழுசா விரிய மாட்டேங்குதுன்னு தலையைப் பிச்சுக்கிறவங்க, வி.எம்.-ஐ நிறுத்திட்டு செட்டிங்ஸ்ல டிஸ்ப்ளே பக்கம் போய் அந்த ஸ்லைடரை 128 வரைக்கும் தள்ளுங்க. அங்கேயே கிராஃபிக்ஸ் கன்ட்ரோலர் லினக்ஸுக்கு விஎம்எஸ்விஜிஏ, விண்டோஸுக்கு விபாக்ஸ்எஸ்விஜிஏன்னு இருக்கான்னும் பாத்துக்குங்க.

இப்ப நான் உண்மையிலேயே சண்டை போட வந்த ஆசாமிக்கு வரேன். ஸ்கேல்டு மோட். உள்ளே இருக்கிற ரெசல்யூஷனை மாத்தாம, வந்த படத்தை ஜன்னல் அளவுக்கு இழுத்தோ அமுக்கியோ காட்டுற வேலை. இதுக்குக் குறுக்குவழி ஹோஸ்ட் கீயும் சி-யும். ஹோஸ்ட் கீ எதுன்னா வலது பக்க கன்ட்ரோல். அதாவது வலது கன்ட்ரோலால காப்பி பண்ற பழக்கம் இருக்கிறவர் நல்ல மனசோட ரெண்டு வரி காப்பி பண்ணப் போனா, மெனு பாரே காணாம போய் ஸ்கேல்டு மோடுக்குள்ள விழுந்திருப்பார். திரும்பி வர அதே ரெண்டு கீயை மறுபடி அழுத்தணும். என்ன மாதிரி டிசைன் இது!

எங்க புராஜெக்ட் ஒண்ணுல இதால நடந்ததைச் சொல்லியே ஆகணும். தமிழ் இடைமுகம் இருக்கிற ஒரு அப்ளிகேஷன். டெஸ்டிங்ல இருந்து ஒரு பக் வந்துச்சு, "தமிழ் ஃபான்ட் உடைஞ்சிருக்கு". அவங்க மடிக்கணினியில கெஸ்ட் 1920×1080-ல ஓடுது, ஜன்னலோ அதுல மூணுல ரெண்டு பங்கு அகலம்தான். நடுவுல ஸ்கேல்டு மோட் உக்காந்து படத்தை அமுக்குது. சின்ன எழுத்துல நம்ம மெய்யெழுத்துப் புள்ளிக்குக் கிடைக்கிறதே ஒண்ணு ரெண்டு பிக்ஸல். அமுக்கினா அது பக்கத்துல இருக்கிற வெள்ளையோட கரைஞ்சிடும். "பட்டன்" அங்கே "படடன"ன்னு நின்னுச்சு. கி எது, கீ எதுன்னு சுழியை வச்சுக் கண்டுபிடிக்க முடியலை. இங்கிலீஷ் எழுத்து இந்த அமுக்கலைத் தாங்கிடும், லேசா மங்கும், படிக்கலாம். அதனால மீட்டிங்ல வந்த யோசனை என்ன தெரியுமா? "தமிழ் ஃபான்ட் இன்னும் சரியா வரலை போல, இந்த ரிலீஸ்ல தமிழை எடுத்துடலாம்." பிக்ஸல் பிரச்சினைக்கு மொழிக்குத் தண்டனை!

அதுக்கு மறுப்பு சொல்ல ஒரே ஒரு ஸ்க்ரீன்ஷாட் போதுமா இருந்துச்சு. கெஸ்டுக்கு உள்ளேயே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, அந்தப் படத்தை ஹோஸ்டுக்குக் கொண்டுவந்து 100%-ல திறந்து காட்டினோம். புள்ளியெல்லாம் அட்சர சுத்தமா அதனதன் இடத்துல. ஃபான்ட் நல்லாத்தான் இருக்கு, பாத்த கண்ணாடிதான் அழுக்கு. நீங்களும் இதை முதல்ல செஞ்சு பாருங்க. உள்ளே எடுத்த படம் தெளிவா இருந்தா தப்பு ஜன்னல்லயோ ஹோஸ்ட்லயோ இருக்கு. அதுவே கலங்கலா இருந்தா கெஸ்டுக்குள்ள தேடணும். தமிழ் மென்பொருளை வி.எம்.-ல டெஸ்ட் பண்றவங்க ஃபான்ட் மேல பக் போடறதுக்கு முன்னாடி இதைச் செய்யணும்னு கட்டாயமே ஆக்கணுங்கிறது என் கட்சி.

கடைசியா ஒரு பழைய வைத்தியம். எக்ஸ்ரேண்டர் கட்டளையை வச்சுப் புது மோடைச் சேர்த்துக்கோன்னு இன்னிக்கும் ஆளாளுக்கு எடுத்துவிடறாங்க. எக்ஸ்ஆர்க் காலத்துலயே அது ரீபூட் பண்ணினா போயிடும். 2021 ஏப்ரல்ல வந்த உபுண்டு 21.04-ல இருந்து வேலண்ட்தான் வழக்கமா வருது, அதுல இந்த வித்தை பலிக்காது. புதுசா வர்ற பையனுக்கு இதைச் சொல்லி அவனோட சாயங்காலத்தைக் கெடுக்காதீங்கப்பா. கெஸ்ட் அடிஷன்ஸ் இருக்கா, கெர்னல் அப்டேட்டுக்கு அப்புறமும் ஓடுதான்னு பாக்கச் சொல்லுங்க. அப்புறம் வியூ மெனுவுல ஆட்டோ ரீசைஸ் டிக் ஆகியிருக்கணும். பெருசா தெரியணும்னா கெஸ்டுக்குள்ள ஸ்கேலிங்கை ஏத்திக்கட்டும், ஜன்னலை இழுக்க வேண்டாம்.

டிஸ்கி: ஹைப்பர்-வி கோஷ்டி கோவிச்சுக்காதீங்க. அங்கே என்ஹான்ஸ்டு செஷன் ரிமோட் டெஸ்க்டாப் மேல சவாரி பண்ணுது, லினக்ஸ்னா உள்ளே எக்ஸ்ஆர்டிபி வேற போடணும். அது தனிக் கச்சேரி :-)