பேட்ச் ஆன்டெனாவுக்குக் கீழே ஒரு வைரம்

மக்களே, ப்ராஜெக்ட் ரிவ்யூ சீசன். ஈசிஇ-யில் பாதி டீம் இந்த வருஷமும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பேட்ச் ஆன்டெனாதான். சிமுலேஷன், கிராஃப், பைண்டிங், முடிஞ்சது. இன்னொரு பக்கம் ‘குவாண்டம்’னு ஆன்லைன் சர்டிஃபிகேட் வாங்கி லிங்க்ட்இன்ல போடுறோம். இந்த ரெண்டு பாதையும் சந்திக்கிற இடம் ஒண்ணு இருக்கு: வைரம்.

வைரத்துக்குள் ஒரு கார்பன் இருக்க வேண்டிய இடத்தில் நைட்ரஜன் அமர்ந்து, அதன் பக்கத்து இடம் காலியாக இருந்தால் அது என்வி மையம். பச்சை லேசர் பட்டால் அது சிவப்பாக ஒளிரும். அங்குள்ள எலக்ட்ரான் ஸ்பின்னை மைக்ரோவேவ் கொடுத்துத் திருப்பினால் அந்தச் சிவப்பு மங்கும். அறை வெப்பநிலையிலேயே! அதற்கான அதிர்வெண் 2.87 கிகாஹெர்ட்ஸ். நம்ம ஆன்டெனாவுக்குப் பக்கத்து வீடு.

2015-ல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில், 1.3 கி.மீ. இடைவெளியில் இருந்த இரண்டு வைரங்களின் ஸ்பின்களை ஒளித்துகள்கள் மூலம் குவாண்டம் பின்னலில் இணைத்துக் காட்டினார்கள். அதற்கு வைரங்களை மைனஸ் 269 டிகிரி வரை குளிர்விக்க வேண்டியிருந்தது. இங்கே 2023-ல் தேசிய குவாண்டம் திட்டத்துக்கு 6,003 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அதே வருஷம் ஆய்வக வைர ஆராய்ச்சிக்காகச் சென்னை ஐஐடிக்கு 5 ஆண்டுகளுக்குச் சுமார் 243 கோடி.

“அதெல்லாம் ஐஐடி பசங்களுக்கு. அகரத்துல பஸ் ஏறி வர்ற நமக்கென்ன?”னு கேப்பீங்க. பின்னல் நம்ம லேப்ல நடக்காதுதான். ஆனா ஸ்பின்னைத் திருப்பவே தெரியாதவன் ரெண்டு ஸ்பின்னைப் பின்ன முடியாது. அந்த முதல் படிக்கு வேண்டியது பச்சை லேசர், சிவப்பு ஃபில்டர், போட்டோடயோடு, மைக்ரோவேவ் சோர்ஸ், ஆன்டெனா, காந்தம், என்வி நிறைந்த செயற்கை வைரத் துணுக்கு ஒன்று. ஒரு டீமுக்குச் செலவு அதிகம்தான். ஈசிஇ-யும் பிசிக்ஸ் லேபும் சேர்ந்து ஒரு தடவை வாங்கினால் வருஷா வருஷம் ஜூனியர்களுக்கு உதவும்.

காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனா, 2.87-ல் தெரியும் பள்ளம் இரண்டாகப் பிரியும். அது சாஃப்ட்வேர் வரைந்த கிராஃப் இல்லை, நீங்களே அளந்தது. நாலு வருஷம் படிச்சும் அப்படி ஒரு அளவீடு கையில் இல்லாம வெளியே போறோம் என்பதுதான் என் வருத்தம்.

தேர்ட் இயர்ஸ், அடுத்த வருஷம் ஆன்டெனாவே பண்ணுங்க, தப்பில்ல. 2.87-க்கு டிசைன் பண்ணுங்க. லேசர் கண்ணாடியை மறக்காதீங்க. “ஏன் 2.4 இல்ல?”னு கைடு கேட்டா, வைரத்தைக் காட்டுங்க.