படம் ஓடவில்லையா? பதறாதீர்கள்!



சடையங்குப்பத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் மாலையில் என் வீட்டுக் கம்ப்யூட்டரில் பாட வீடியோ பார்ப்பது வழக்கம். ஒருநாள் ஏதோ ஒரு தளத்தில் படம் ஓடவில்லை. ‘உங்கள் பிளாஷ் பிளேயர் பழசாகிவிட்டது. புதியதை இறக்க இங்கே அழுத்தவும்’ என்று ஒரு பெட்டி எட்டிப் பார்த்தது. ஒரு பையன் அழுத்தப் போனான். “கையை எடு கண்ணா!” என்றேன்.

ஏன் தெரியுமா? முன்பு வீடியோ ஓட பிளாஷ் பிளேயர் தேவைப்பட்டது உண்மைதான். ஆனால், அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-ம் தேதியோடு அதைக் கைவிட்டுவிட்டது. இப்போதைய பிரவுசர்கள் அது இல்லாமலே படம் காட்டும். இல்லாத பொருளை விற்க வருபவர் யார்? ஏமாற்றுக்காரர்தானே! அழுத்தினால் வைரஸ் உள்ளே வந்துவிடலாம்.

கண்டதையும் அழுத்துவதைவிட, ஒவ்வொன்றாகச் சோதிப்பதே நல்லது என்பேன். முதலில் வேறு தளத்தில் ஒரு வீடியோ போட்டுப் பாருங்கள். அதுவும் ஓடாவிட்டால், இன்டர்நெட் இணைப்பைப் பாருங்கள். அது சரியாக இருந்தால், பிரவுசரை மூடித் திறங்கள். பழைய பிரவுசர் என்றால், பெரியவர்கள் துணையோடு புதுப்பியுங்கள். கம்ப்யூட்டரில் தேதி சரியா என்றும் பாருங்கள். தேதி தவறினால் பல தளங்கள் திறக்காது.

அன்று நாங்கள் கல்வித் தொலைக்காட்சியின் யூடியூப் பக்கத்தில் அதே பாடத்தைத் தேடினோம். தடையின்றி ஓடியது. கோளாறு கம்ப்யூட்டரில் இல்லை, அந்தத் தளத்தில்தான்!

பொறுமையாகத் தேடினால் கோளாறு பிடிபடும். நீங்களும் செய்து பாருங்களேன்!