கருவி யாருக்குப் பதில் சொல்லும்?

கைத்தொலைபேசியில் எவையெவை இருக்கவேண்டும் என்று பட்டியல் போடுவோரின் தொகை நாளுக்கு நாள் பெருகி வருகிறது. குறிப்பெழுத ஒரு செயலி, அன்றாடக் கடமைகளை நினைவூட்ட ஒரு செயலி, கடவுச்சொற்களைப் பூட்டி வைக்க ஒன்று, கோப்புகளை எங்கோ தொலைவிலுள்ள கணினியிற் சேமிக்க ஒன்று, காசு அனுப்ப ஒன்று, காலையில் எழுப்ப ஒன்று! பத்திரிகைகளின் வார இணைப்பிலும் பாடசாலை விழா மேடையிலும் ஆசிரியர் பயிற்சிப் பட்டறையிலும் இப்பட்டியல் ஓதப்படுகிறது. ஓதுபவர் பெரும்பாலும் நல்ல மனிதர், இளைஞர், தாம் கண்ட வசதியைப் பிறரும் காணவேண்டும் என்னும் ஆர்வமுடையவர். அவரை நாம் பகைக்கவில்லை. ஆனால் அவர் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இக்கருவி என்ன செய்யும்? அது போதாது என்கிறோம். இக்கருவியால் தீங்கு நேர்ந்தால் யாரிடம் போய், எந்த மொழியிற் கேட்பது என்ற கேள்வியும் உண்டு. அதனைக் கேளாத பட்டியல் எதுவாயினும் அது விளம்பரத் துண்டே. சம்பளம் வாங்காமல் எழுதப்பட்ட விளம்பரம் என்பது மட்டுமே வேறுபாடு.

எம்மைப் பழமைவாதிகள் என்று கூறிவிட அவசரப்பட வேண்டாம். இக்கட்டுரையும் கைத்தொலைபேசியிலேயே தட்டெழுதப்படுகிறது. அட்டாளைச்சேனையிலும் பாலமுனையிலும் ஒலுவிலிலும் எழுத்தறியாத உம்மாமார் எத்தனையோ பேர் கத்தாரிலும் சவூதியிலும் உழைக்கும் மக்களுக்குக் குரற்செய்தி அனுப்புகிறார்கள். முன்பு கடிதம் எழுதித் தரப் படித்த பிள்ளையொன்றைத் தேடிப் பிடிக்கவேண்டும். வீட்டுக் கவலை அந்தப் பிள்ளைக்கும் தெரியும், பிள்ளையின் வழியே தெருவுக்கும் தெரியும். இன்று அவள் தன் குரலிலேயே அழலாம், ஏசலாம், துஆச் செய்யலாம். இதனை இழிவென்று சொல்ல எமக்கு நா எழாது. இலங்கை முஸ்லிம்கள் இயந்திரத்தைக் கண்டு ஒதுங்கியவர்களுமல்லர். கண்டி அறிஞர் சித்திலெப்பை 1882ஆம் ஆண்டிலேயே ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கினார். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பத்திரிகையென்றால் அதில் ஆசிரியரின் பெயர் இருக்கும். அச்சகத்தின் முகவரி இருக்கும். பொய் எழுதினால் அந்தக் கதவைத் தட்டலாம். இன்று எமது சட்டைப்பையிற் கிடக்கும் அச்சகத்துக்குக் கதவு எங்கே இருக்கிறது?

இக்கேள்வி எமக்குப் புத்தகத்திலிருந்து வந்ததன்று. 2018ஆம் ஆண்டு பெப்ரவரி 26ஆம் நாள் இரவு எமது மாவட்டத்தின் தலைநகரான அம்பாறையில் நடந்ததை இங்கே நினைவூட்டக் கடமைப்பட்டுள்ளோம். ஏனெனில் பட்டியல் போடுவோர் அதனை மறந்துவிட்டனர்.

முஸ்லிம் ஒருவரின் உணவுக்கடை. சாப்பிட வந்தவர் கறியில் ஒரு கட்டியைக் கண்டார். சிங்கள மக்களின் இனத்தைப் பெருகவிடாமற் செய்யும் மலட்டு மாத்திரை இது என்று கூச்சல் எழுந்தது. அத்தகைய மாத்திரைகளை முஸ்லிம்கள் உணவிற் கலக்கிறார்கள் என்ற கட்டுக்கதை அதற்கு முன்பே முகநூலிற் பரவிக் கிடந்தது. கூட்டம் கூடியது. காசுப் பெட்டியருகே நின்ற இளைஞருக்குச் சிங்களம் சரிவர விளங்காது. சுற்றி நின்றோர் சிங்களத்தில் அதட்டிக் கேட்டனர்: போட்டாயா? மாவுக்கட்டியைப் பற்றிக் கேட்கிறார்கள் என எண்ணிய அவர், தமக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் ஆம் என்று பொருள்படும் ஏதோவொன்றைச் சொல்லித் தலையசைத்தார். அதனை ஒருவர் படம்பிடித்தார். அந்தச் சில விநாடிக் காட்சி ‘குற்ற ஒப்புதல்’ என்ற பெயரோடு தொலைபேசிக்குத் தொலைபேசி தாவியது. கடை உடைக்கப்பட்டது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது, வாகனங்கள் எரிந்தன. பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் அக்கட்டியைச் சோதித்துச் சொன்ன முடிவு என்ன? அது மாப்பொருள்!

மனிதரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை எதுவும் இல்லையென்று மருத்துவ அறிஞர்களும் கூறினர். அதற்குள் நெருப்பு மலைநாட்டை எட்டிவிட்டது. வீதிச் சண்டையொன்றில் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதியொருவர் இறந்ததைத் தொடர்ந்து, மார்ச் முதல் வாரத்திற் கண்டி மாவட்டத்தின் திகனையிலும் அயல் ஊர்களிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிக்கப்பட்டன. எரிந்த வீட்டினுள்ளே ஓர் இளைஞர் உயிரிழந்தார். மார்ச் 6இல் அவசரகாலச் சட்டம் பிரகடனமாயிற்று. மறுநாள் முகநூல், வாட்ஸ்அப், வைபர் ஆகியன முடக்கப்பட்டன.

இந்நிகழ்ச்சியிற் சிந்திக்கவேண்டிய ஒன்றுண்டு. கூகுள் மொழிபெயர்ப்பில் 2011இலேயே தமிழ் சேர்ந்துவிட்டது. 2014இற் சிங்களமும் சேர்ந்தது. ஆகவே அன்றிரவு அக்கடையில் நின்ற கூட்டத்தின் கைகளில் அவ்விளைஞரின் மொழியை விளங்கிக்கொள்ளும் கருவியும் இருந்தது. அவரைப் படம்பிடிக்கும் கருவியும் இருந்தது. இரண்டும் ஒரே தொலைபேசியில், விரலுக்கு ஒரே தூரத்தில் இருந்தன. எது பயன்பட்டது என்று நாம் சொல்லவேண்டியதில்லை. ‘கருவியில் நன்மை தீமை இல்லை, பயன்படுத்துவோர் கையிலேயே எல்லாம் உண்டு’ என்று எமது நண்பர் இந்த இடத்திற் குறுக்கிடுவார். அரை உண்மை! மொழிபெயர்ப்புக் கருவியை யாராவது வலியத் தேடித் திறக்கவேண்டும். வெறுப்பூட்டும் படத்தையோ யாரும் தேடவேண்டியதில்லை, அது தானே தேடி வரும். பார்ப்பவரை நெடுநேரம் பிடித்து வைப்பது எதுவோ அதனை முன்னே தள்ளும்படி கட்டப்பட்ட இயந்திரம் அது. பிடித்து வைத்த நேரமே விளம்பரகாரருக்கு விற்கப்படும் சரக்கு. வாட்ஸ்அப்பைப் பயன்படுத்துவோர் காசு கொடுப்பதில்லை. அதனை 1,900 கோடி டொலருக்கு முகநூல் நிறுவனம் 2014இல் விலைபேசியது. எதற்கு இந்த விலை என்று எமது வணிகக்கல்வி மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள், சரியான விடை வரும்.

அந்நாட்களிற் கொலைவெறிப் பதிவுகளைச் சுட்டிக்காட்டி முகநூலிடம் முறையிட்டோருக்கு, இவை எமது விதிகளுக்கு மாறானவையல்ல என்ற பதில் வந்த சந்தர்ப்பங்கள் பதிவாகியுள்ளன. சிங்களத்தை வாசித்து விளங்கப் போதிய ஆட்களை அந்நிறுவனம் வைத்திருக்கவில்லை. விளம்பரம் விற்கும்போது மட்டும் எந்த மொழியும் அதற்கு அந்நியமாகப் படுவதில்லை. 2020 மே மாதத்தில், இரண்டு ஆண்டுகள் கழித்து, தன் தளம் இலங்கையிற் பயன்பட்ட விதத்துக்கு அது வருத்தம் தெரிவித்து மன்னிப்பும் கேட்டது. மன்னிப்பு ஆங்கிலத்தில் வந்தது. உடைந்த கடையின் உரிமையாளர் அதனை வாசித்திருப்பாரா?

அரசாங்கமோ வேறொரு பாடத்தைப் படித்துக்கொண்டது. தீ பரவும்போது ஆளியை அணை, அடங்கியபின் போடு. 2022 ஏப்ரல் 3ஆம் நாள், உணவும் எரிபொருளும் கேட்டு மக்கள் வீதிக்கு வந்தபோது, அதே ஆளியை அணைத்தது. அப்போது எரிந்தது எவருடைய பள்ளிவாசலுமன்று, ஆட்சியாளரின் நாற்காலி! 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்துவிட்டது. ஆனால் தாய்மொழியிலே தமிழர், முஸ்லிம்கள் முறையிடவும், குறித்த நாட்களுக்குள் அம்மொழியிலேயே பதில் பெறவும் ஒரு வழி வேண்டும் என்ற எளிய கோரிக்கை இன்னும் கோரிக்கையாகவே இருக்கிறது. அம்பாறை மாவட்ட மக்களில் ஐந்தில் மூவர் தமிழ் பேசுவோர் என்கிறது 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு. அந்த மாவட்டத்தின் தலைநகரில் ஒருவர் தமக்கு விளங்காத மொழியில் விசாரிக்கப்பட்டு, விளங்காத மொழியிற் குற்றவாளியாக்கப்பட்டார். 1956ஆம் ஆண்டின் மொழிச் சட்டம் அலுவலகங்களிற் செய்ததைத் தொலைபேசி ஒரே இரவில் தெருவிற் செய்துவிட்டது.

பட்டியல் ஆர்வலர் இனிப் பள்ளிக்கூடத்தைக் காட்டுவார். கொரோனாக் காலத்திற் கல்வியைக் காப்பாற்றியது செயலியல்லவா என்பார். 2020 மார்ச்சிற் பாடசாலைகள் மூடப்பட்டன. வகுப்பறை வாட்ஸ்அப் குழுவாயிற்று. ஆசிரியர்களாகிய நாம் இதனை உள்ளிருந்து கண்டவர்கள். வீட்டுக்கு ஒரு தொலைபேசி, பிள்ளைகள் மூவர். வாப்பா வள்ளத்திற் போனால் தொலைபேசியும் கடலுக்குப் போய்விடும். வயலுக்குப் போனால் வயலுக்கு. ரீலோட் பண்ணக் காசில்லாத வாரத்தில் முழு வாரப் பாடமும் இல்லை. குழுவில் நாற்பது பேர் இருப்பார்கள். பயிற்சி எழுதி அனுப்புவோர் ஒன்பது பேர். எஞ்சிய முப்பத்தொருவரையும் எந்தச் செயலி காப்பாற்றியது? மலைப்புறக் கிராமமான போஹிட்டியாவவில் 2021இல் மாணவரும் ஆசிரியையும் அலைவரிசை தேடிக் காட்டுவழியே பாறையுச்சி ஏறிய செய்தி உலகப் பத்திரிகைகளில் வந்தது. சிலர் அதனை ‘ஊக்கமூட்டும் கதை’ என்று பகிர்ந்தனர். வெட்கப்படவேண்டியதைப் பாராட்டும் பழக்கம் இது. கல்வியமைச்சின் இணையப் பாடத் தளத்துக்கு ‘ஈ-தக்சலாவ’ என்று பெயர். தட்சசீலம் என்று தமிழில் எழுதியிருந்தால் எமது மாணவனுக்கும் அப்பெயரின் பெருமை விளங்கியிருக்கும். தொலைபேசியும் தரவுக் கட்டணமும் ஆசிரியரின் சம்பளத்திலிருந்தே போயின. 2021 ஜூலை 12 முதல் ஆசிரியர் சங்கங்கள் சம்பள முரண்பாட்டை முன்வைத்து இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகியபோதுதான், அக்கருவியின் மறுமுனையில் மனிதர் இருந்தனர் என்பது பலருக்கு நினைவு வந்தது.

எரிபொருள் வரிசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022இல் வந்த கியூ.ஆர். அட்டையைச் செயலியின் வெற்றி என்று கொண்டாடுகிறார்கள். மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று எல்லோருக்கும் அளந்து கொடுத்ததால் வரிசை குறைந்தது. அது பங்கீட்டின் வெற்றி. கூப்பன் புத்தகத்தோடு சங்கக் கடைக்குப் போன எமது மூத்தம்மாமாருக்கு இந்தக் கணக்கு, கறுப்பு வெள்ளைச் சதுரமில்லாமலே தெரியும்.

அப்படியானால் எமக்கு உவப்பான கருவிகளே இல்லையா? உண்டு. அவற்றைக் கூறினால் நாம் எவ்வகையில் வேறுபடுகிறோம் என்பது தெளிவாகும். தமிழை விரல்நுனிக்குக் கொண்டுவந்த ‘முரசு அஞ்சல்’, 2005இல் வந்த ‘செல்லினம்’ ஆகியன மலேசியாவின் முத்து நெடுமாறனுடைய உழைப்பு. எங்களுக்குத் தமிழ் வேண்டும் என்று பெரிய நிறுவனங்களின் வாசலிற் காத்திராமல், தமிழர் தாமே செய்த வேலை அது. தமிழ் விக்கிப்பீடியாவை 2003இல் முன்னின்று தொடங்கியவர் இலங்கையரான மயூரநாதன். அதில் ஒரு வரி பிழையென்றால், எட்டாம் வகுப்பு மாணவியும் திருத்தலாம், திருத்தியது யாரென்று ஊரறியப் பதிவாகும். 2005இல் தொண்டர்கள் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் இணையத் தளத்தில் டொமினிக் ஜீவாவின் ‘மல்லிகை’ இதழ்கள் இன்று இலவசமாகக் கிடைக்கின்றன. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்த கைகளுக்கு இது ஒரு பதில். எமது அயலூர் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1930களிற் சென்னையிலே கலைச்சொல்லாக்க முயற்சிக்குத் தலைமை தாங்கியதும் இதே மரபிற் சேரும். விஞ்ஞானம் எவருடைய மொழியில் வருகிறதோ அவருக்கே அது பணிசெய்யும் என்பதை அவர் அறிந்திருந்தார். இவற்றுள் ஒன்றுகூட வார இணைப்புகளின் ‘சிறந்த பத்து’ப் பட்டியல்களில் எம் கண்ணிற் பட்டதில்லை. விளம்பரம் தராதவற்றுக்கு அங்கு இடமேது?

ஆசிரிய நண்பர்களும் மாணவர்களும் செய்யக்கூடியது பலவுண்டு, பெரியவற்றை விட்டுவிடுவோம். மிகச் சிறிய ஒன்று: எமது வினாத்தாள்களும் சுற்றறிக்கைகளும் இன்னும் பாமினி எழுத்துருவிலேயே பெரிதும் தட்டெழுதப்படுகின்றன. அந்த எழுத்துரு இல்லாத தொலைபேசியில் அவற்றைத் திறந்தால், தமிழ்ப் பாட வினாத்தாள் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பையாகக் காட்சியளிக்கும். ஒருங்குறியோ எல்லாத் தொலைபேசியிலும் ஏற்கெனவே இருக்கிறது; காசு வேண்டியதில்லை, நிறுவனத்தின் தயவும் வேண்டியதில்லை. வரும் தவணைப் பரீட்சை முதலாக அனைத்தையும் ஒருங்குறியிலே தரும்படி ஒவ்வொரு வலயக் கல்வி அலுவலகத்துக்கும் ஆசிரியர் கையொப்பமிட்ட கடிதம் போகவேண்டும். பார்வையற்ற மாணவனின் தொலைபேசி ஒருங்குறித் தமிழை அவனுக்கு உரக்க வாசித்துக் காட்டும். பாமினித் தமிழை அதனால் வாசிக்க முடியாது.