கண் பார்த்தால் கை செய்யுமா?

“கண் பார்த்தால் கை செய்யும்” என்பது நம் முன்னோர் வாக்கு. பத்தாம் வகுப்பின் காலாண்டுத் தேர்வு வரை இதை நான் அப்படியே நம்பியிருந்தேன். பார்த்த கண்ணுக்கும் எழுதும் கைக்கும் இடையே எத்தனை தூரம் என்பது அந்தத் தேர்வுக்குப் பின்னரே எனக்கு விளங்கிற்று.

அன்புத் தோழியரே! நம் வகுப்பறைகளில் ஒரு பேச்சு உலவுகிறது. “அவள் காதால் கேட்டே படித்துவிடுவாள்; எனக்குப் படம் பார்த்தால்தான் மண்டையில் ஏறும்” என்று நாமே நம்மைப் பிரித்துக்கொள்கிறோம். நானும் படக் கட்சியைச் சேர்ந்தவள்தான். இதயத்தின் படத்தைப் புத்தகத்தைப் பார்த்து அழகாக வரைந்து, சிவப்பும் நீலமும் தீட்டி, தேர்வுக்கு முந்தைய இரவு முழுவதும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தேர்விலும் அதே படம் வந்தது. மகிழ்ச்சியோடு வரைந்தேன். கிடைத்ததோ ஐந்துக்கு ஒரு மதிப்பெண்! வலப்பக்கத்தை இடப்பக்கம் என்று குறித்திருந்தேன். புத்தகம் காட்டுவது எதிரே நிற்பவரின் இதயத்தை. ஆகவே இதயத்தின் வலப்பக்கம் தாளில் நமது இடக்கைப் பக்கமாக வரும். நூறு முறை பார்த்த என் கண்கள் இதை ஒரு முறையேனும் கேட்கவில்லையே!

“படம் பார்த்தும் ஏறவில்லை என்றால் நான் மக்குத்தான். மேல்நிலையில் அறிவியல் பிரிவே எனக்கு வேண்டாம்” என்று அம்மாவிடம் அழுதேன். மறுநாள் ஆசிரியை ஒன்றே ஒன்று சொன்னார்: “புத்தகத்தை மூடிவிட்டு வரை. பிறகு திறந்து, தவறினைச் சிவப்பு மையால் திருத்து.”

முதல் நாள் வரைந்த இதயத்தில் பாதிக் குழாய்கள் எங்கும் போய்ச் சேரவில்லை! ஆனால் கையில் இருந்த பென்சில் கேள்வி கேட்கத் தொடங்கியது. “இந்தக் குழாய் எங்கே போகிறது? ஆக்சிஜன் குறைந்த இரத்தத்தைக் கொண்டுபோகும் இதற்கு ஏன் நுரையீரல் தமனி என்று பெயர்?” இதயத்திலிருந்து வெளியே செல்வதால்தான் அது தமனி என்ற விடை, வரையும்போதுதான் எனக்குப் பிடிபட்டது.

பார்த்துப் படிப்பவர், கேட்டுப் படிப்பவர் என்ற பிரிவினையை அறிஞர்களும் ஆராய்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அவரவர் விருப்பப்படியே கற்பித்தால் கூடுதலாகக் கற்பார்கள் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2008-இல் ஹெரால்ட் பாஷ்லர் முதலிய நான்கு உளவியல் அறிஞர்கள் எழுதினார்கள். 2016-இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்விலோ, திரும்பத் திரும்ப எழுதிய சொற்களைவிடப் படமாக வரைந்த சொற்களே அதிகம் நினைவில் நின்றன. அதற்கு ஓவியத் திறமையும் தேவைப்படவில்லை. ஆகவே படம் நம் கட்சிக்கு மட்டும் உரிய சொத்தன்று; எல்லோருக்கும் பொது.

1658-இல் கொமேனியஸ் என்ற கல்வியாளர் குழந்தைகளுக்கென ஒரு படப் புத்தகம் வெளியிட்டார். படத்திலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண். அதே எண் பக்கத்திலுள்ள சொல்லுக்கும் உண்டு. படமும் சொல்லும் கைகோத்தால்தான் பாடம் என்பதை அன்றே உணர்ந்திருக்கிறார்!

நாமும் அவ்வாறே செய்யலாம். வரலாற்றுக்கு ஒரு கோடு போடுங்கள். 1905 வங்கப் பிரிவினை, 1919 ஜாலியன் வாலாபாக், 1930 உப்புச் சத்தியாக்கிரகம், 1942 வெள்ளையனே வெளியேறு என ஓர் ஆண்டுக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து குறியுங்கள். எது முந்தியது என்ற குழப்பம் தீரும். புவியியலுக்கு இந்தியாவின் எல்லைக்கோட்டை மட்டும் வரைந்துகொண்டு, நர்மதையையும் தபதியையும் மேற்கே அரபிக் கடலுக்கும், கோதாவரி, கிருஷ்ணா, காவிரியைக் கிழக்கே வங்காள விரிகுடாவுக்கும் நினைவிலிருந்தே ஓடவிடுங்கள். ஓரிரு நாள் கழித்து மீண்டும் வெறுந்தாளில் வரையுங்கள்.

எல்லாவற்றையும் படமாக்கிவிட முடியாது என்பதும் உண்மை. செய்யுளை வாய்விட்டுச் சொல்லத்தான் வேண்டும். கணக்கைப் போட்டுத்தான் பழக வேண்டும். “எனக்குக் கண் வழிதான்” என்று சொல்லி, வகுப்பில் ஆசிரியை பேசும்போது காதை மூடிக்கொள்வது நமக்கு நாமே செய்துகொள்ளும் தீங்கு அல்லவா?

அரையாண்டுத் தேர்வில் மீண்டும் இதயம் வந்தது. ஐந்துக்கு நான்கு பெற்றேன். ஒரு குழாய்க்குப் பெயர் எழுத மறந்துபோனேன்! இன்று பதினோராம் வகுப்பில் அறிவியல் பிரிவில்தான் அமர்ந்திருக்கிறேன்.

தோழியரே! ஒரு மதிப்பெண்ணைக் கண்டு உங்களை நீங்களே மக்கு என்று சொல்லிக்கொள்ளாதீர்கள். கண் பார்க்கட்டும், பிறகு புத்தகம் மூடட்டும், அதன் பின்னர் கை செய்யட்டும். முன்னோர் வாக்கு அப்போது பொய்க்காது!