மூட்டு மணலுக்கும் சேர்த்து விலை சொல்லுங்கள்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறந்ததும் கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக நம் தொழிலுக்கு வேலை குவியும். நீலாங்கரை முதல் மாமல்லபுரம் வரை வீட்டுக்கு வீடு, கேட்டுக்கும் போர்டிகோவுக்கும் நடுவே பதித்த பேவர் பிளாக்குகளில் பாசி கறுத்துக் கிடக்கும். பிரஷர் வாஷரோடு போகிறோம். அரை நாளில் கல் பளிச்சென்று ஆகிவிடுகிறது. ஆனால் கல்லுக்குக் கல் இடையே இருந்த மணல் அப்போதே வடிகாலுக்குப் போய்விடுகிறது.

2 முதல் 4 மில்லிமீட்டர் இடுக்கில் இறுகிய அந்த மணல்தான் சுமையை ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குக் கடத்துகிறது. அது போனால் அடுத்த மழை அதே வழியே இறங்கிப் படுக்கை மணலையும் இளக்கும். கார் சக்கரம் ஏறும் தடம் முதலில் அமுங்கும். ஆகவே விசிறி நாசிலைச் சாய்த்துப் பிடித்து, இடுக்குகளுக்குக் குறுக்கே ஓட்டுங்கள். தரை முழுதும் காய்ந்த பின் 2.36 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்த உலர்மணலைப் பெருக்கி நிரப்பி, ரப்பர் விரிப்புப் பொருத்திய காம்பாக்டரை ஓட்டி, இறங்கிய இடத்தில் மறுபடி நிரப்ப வேண்டும். பக்கத்திலேயே கிடக்கிறதே என்று கடற்கரை மணலை அள்ளவே கூடாது. உப்பும் உருண்டை மணிகளும் கொண்ட அது இறுகாது. அதை அள்ளுவது சட்டப்படியும் குற்றம்.

வெள்ளைத் திட்டைக் கண்டதும் ஆசிட் கேனைத் திறக்கும் பழக்கம் என்னை மிகவும் வருத்துகிறது. கடல் உப்பா, சிமென்டிலிருந்து பூத்த சுண்ணமா என்று முதலில் பாருங்கள். ஒரு குவளை நல்ல தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் உப்பு கரைந்துவிடும். கரையாத திட்டில் வினிகர் சொட்டுவிட்டு நுரைத்தால் அது சுண்ணம். உலர்ந்த பிரஷ்ஷும் பொறுமையும் பெரும்பாலும் போதும். ஆசிட் சிமென்டையே அரித்து ஜல்லியை வெளியே காட்டிவிடும். அதன் ஆவி இரும்பு கேட்டையும் துருப்பிடிக்க வைக்கும். கடலோர போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு என்பதால், கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் வேண்டும்.

இந்த சீசனிலிருந்து விலைப்புள்ளியில் மணல் நிரப்புதலைத் தனி வரியாக எழுதுங்கள். மணல் வேண்டாம், கழுவினால் போதும் என்பவரிடம் காரணத்தை எடுத்துச் சொல்லுங்கள். அதற்கும் இசையாவிட்டால் அந்த வேலையை விட்டுவிடுங்கள்.